பழைய டிராக்டரும் மூன்று உழவரும்

அயர்லாந்து பசும்புல்லுக்கும் ஓயாத மழைக்கும் பெயர் பெற்ற தீவு. அந்நாட்டு உழவர் பெருமக்கள் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடி உழவுப் போட்டி நடத்துவர். நாடு தழுவிய முதற்போட்டி 1931-ஆம் ஆண்டு கில்டேர் மாவட்டத்தில் உள்ள அத்தாய் என்னும் ஊரில் நடைபெற்றது. அன்று கலப்பைகளை இழுத்தவை குதிரைகளே. இக்காலத்திலோ, பேருருவம் கொண்ட புதிய டிராக்டர்கள் அக்களத்தில் அணிவகுத்து நிற்கின்றன. ஆயினும், ஒரு மூலையில் வண்ணம் மங்கிய சிறு டிராக்டர்கள் சிலவும் உழுவதைக் காணலாம். பழைய டிராக்டர்களுக்கெனத் தனிப் பிரிவு அங்கு உண்டு. அவற்றைச் சூழ்ந்து நிற்கும் உழவர்கள் தம்முள் வாதிடும் காட்சி, காண இனியது. கேட்கப் பயன் தருவது.

அத்தகைய உரையாடல் ஒன்றை நாமும் மனக்கண்ணால் கண்டு, செவி மடுப்போம். மாலைப் பொழுது, போட்டி முடிந்துவிட்டது. வேலியோரம் மூவர் நிற்கின்றனர். ஒருவர் முதியவர், ஒருவர் நடுவயதினர், மற்றவர் இளைஞர். இளைஞர் முகத்தில் கவலை தோன்றுகின்றது. பாட்டனார் விட்டுச் சென்ற ஃபெர்குசன் டிராக்டர் ஒன்று அவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கின்றது. அதனைப் பழுதுபார்த்துத் தம் நிலத்தில் ஓட்டலாமா, அன்றிப் பழைய இரும்புக்கு விற்றுவிடலாமா என்பது அவர் கேள்வி. நிலத்தில் ஒரு பகுதி சமவெளி. மற்றொரு பகுதி குன்றின் சரிவு. புதிய டிராக்டர் வாங்கவோ பொருள் இல்லை.

முதியவர் பேச்சைத் தொடங்கினார். "தம்பி, பழைய டிராக்டரைப் பற்றிப் பேசுவோர் ஃபோர்ட்சனை மறத்தல் ஆகாது. முதலாம் உலகப் போரின்போது உழவரும் குதிரைகளும் போர்க்களம் சென்றமையால் பிரிட்டனில் கழனிகள் உழுவாரின்றிக் கிடந்தன. தானியம் ஏற்றிவந்த கப்பல்களை நீர்மூழ்கிக் கப்பல்கள் அழித்தன. நாடு பசியால் வாடுமோ என்னும் அச்சம் எழுந்தது. அவ்வேளையில், 1917-ஆம் ஆண்டில், அமெரிக்கராகிய ஹென்றி ஃபோர்டு என்பாரிடம் 6,000 டிராக்டர்கள் வேண்டுமெனப் பிரிட்டன் கேட்டது. அவர் அளித்ததே இந்த ஃபோர்ட்சன். 1919 முதல் நம் கார்க் நகரத்திலும் அது செய்யப்பெற்றது. ஃபோர்டின் தந்தையார் பிறந்ததும் அந்தக் கார்க் மாவட்டத்திலேதான்."

"அதன் சிறப்பு யாது, ஐயா?" என்றார் இளைஞர்.

"எளிமையும் மலிவுமே அதன் சிறப்பு. ஏனைய வண்டிகளுக்குத் தனியே ஓர் இரும்புச் சட்டம் உண்டு. ஃபோர்ட்சனுக்கு அது இல்லை. எஞ்சின் உறை, பற்சக்கரப் பெட்டி, பின்னச்சின் உறை ஆகியவற்றை ஒன்றோடொன்று முடுக்கி, அவற்றையே உடலாக அமைத்தார்கள். அதனால் இரும்பும் குறைந்தது, வேலையும் குறைந்தது. 1922-இல் அமெரிக்காவில் அதன் விலை 395 டாலர் அளவிற்கு இறங்கியது. குதிரையன்றி வேறொன்றும் அறியாத சிறு உழவனும் எந்திரம் வாங்க முடிந்தது."

நடுவயதினர் புன்முறுவல் பூத்தார். "பெரியவரே, சிறப்பைச் சொன்னீர்கள்; குறையையும் சொல்லவேண்டும் அல்லவா? குளிர்காலத்தில் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றித் தோள் நொந்தாலும் அது எளிதில் உயிர் பெறாது. பின்னச்சில் உள்ள திருகுப் பற்சக்கரம் காய்ந்து, ஓட்டுபவரின் இருக்கை வரையிலும் வெம்மை ஏறும். இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம், உயிரைப் பறிக்கும் குறையை எவ்வாறு பொறுப்பது?"

முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "உண்மைதான். அது பின்புறமாகக் குப்புறக் கவிழும். அவ்வாறு கவிழ்ந்து மாண்டவர் பலர்" என்றார்.

எந்திரம் பின்புறமாகக் கவிழ்வது எவ்வாறு என்பதை நாம் இங்குத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நன்று. அக்காலத்துக் கலப்பை, சங்கிலியாலோ கொக்கியாலோ டிராக்டரின் பின்னால் பிணைக்கப்பட்டு, இழுபட்டு வரும். மண்ணுள் மறைந்த பாறையிலோ வேரிலோ கொழு சிக்கிக்கொண்டால், பின்சக்கரங்கள் முன்னேற இயலா. ஆனால் எஞ்சின் ஓய்வதில்லை. அச்சை முறுக்கிக்கொண்டே இருக்கும். சக்கரம் சுழல முடியாதபோது அம்முறுக்கு எங்கே செல்லும்? சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய விசை வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் திருப்பத் தொடங்கும். முன்சக்கரங்கள் வானை நோக்கி எழும். ஓரிரு நொடிகளில் எந்திரம் முழுவதும் ஓட்டுபவர்மேல் விழுந்துவிடும். கிளச்சை மிதிக்கவேண்டும் என்று அவர் எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"இக்குறையை நேரிற் கண்டவருள் ஒருவர்தாம் ஹாரி ஃபெர்குசன்" என்று நடுவயதினர் தொடர்ந்தார். "1884-இல் டவுன் மாவட்டத்து உழவர் குடும்பத்தில் பிறந்த அவரை, 1917-ஆம் ஆண்டில் டிராக்டர்களின் பயனைப் பெருக்க வழிகாணுமாறு வேளாண்மைத் துறையினர் வேண்டினர். ஊர் ஊராகச் சென்று உழவைக் கண்ட அவர் ஓர் உண்மையை உணர்ந்தார். குறை டிராக்டரில் மட்டும் இல்லை. கலப்பையில் மட்டும் இல்லை. இரண்டையும் பிணைக்கும் முறையிலேயே உள்ளது என்பதே அவ்வுண்மை."

ஃபெர்குசன் பல ஆண்டுகள் உழைத்து வகுத்த முறையே மும்முனை இணைப்பு ஆகும். கீழே இரண்டு தண்டுகள், மேலே ஒரு தண்டு. இம்மூன்றும் கலப்பையை டிராக்டரின் உறுப்பாகவே ஆக்கிவிடுகின்றன. மண் கலப்பையைத் தடுக்கும்போது கீழ்த் தண்டுகள் இழுக்கின்றன. மேல் தண்டோ முன்னோக்கித் தள்ளுகின்றது. அத்தள்ளுதல் வண்டியின் முன்புறத்தை மேலெழ விடாமல் தாழ்த்துகின்றது. அன்றியும், தடை மிகுந்தால் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பொறி கலப்பையைத் தானே சிறிது உயர்த்திவிடுகின்றது. கலப்பையின் பாரம் பின்சக்கரங்களின்மேல் சார்வதால், இலேசான வண்டியும் மண்ணைப் பற்றி இழுக்கின்றது. கொழு பாறையில் மோதினால் பின்சக்கரங்களின் பிடி தளர்ந்து, அவை நின்ற இடத்திலேயே வீணே சுழலும், வண்டி கவிழாது. முன்னதன் தீங்கிலிருந்து பின்னதன் நன்மை பிறந்த வரலாறு இது.

"இம்முறை அமைந்த சாம்பல் நிறச் சிறு டிராக்டர், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் 5 இலட்சத்திற்கும் மேலாகச் செய்யப்பெற்றது. எட்மண்ட் ஹிலாரியின் குழுவினர் 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்ததும் இவ்வகை டிராக்டர்களை ஓட்டித்தான். உன் கொட்டகையில் நிற்பதும் அதுவே. அதன் மரைகள் பலவற்றிற்கு ஒரே ஸ்பானர் போதும். அந்த ஸ்பானரில் பொறித்துள்ள அளவுக் கோடுகளைக் கொண்டே உழவுசாலின் அகலத்தையும் அளக்கலாம். கியரில் இருக்கும்போது எஞ்சின் உயிர் பெறாதவாறு, தொடக்கும் பொறியைக் கியர்த் தண்டோடே இணைத்துள்ளனர்" என்றார் நடுவயதினர்.

"அப்படியாயின் அதில் குறையே இல்லையா?" என வினவினார் இளைஞர்.

இப்போது முதியவர் முந்திக்கொண்டார். "ஏன் இல்லை? கிளச்சை மிதித்தால் சக்கரத்தோடு எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும். நின்றபடி கலப்பையைத் தூக்க வேண்டின், கியரை விலக்கிப் பின் கிளச்சை விடவேண்டும். ஆற்றலும் குறைவு, இன்றைய பெருங்கலப்பைகளை அது இழுக்காது. எல்லாவற்றினும் பெரிய குறை, ஓட்டுபவரின் தலைக்குமேல் காப்புச் சட்டம் இல்லாமை. புதிய டிராக்டர்களில் அச்சட்டம் கட்டாயம் இருக்கவேண்டும் என்று உலகில் முதன்முதலாக விதித்த நாடு சுவீடன். விதித்த ஆண்டு 1959. உன் டிராக்டர் அதற்கு முற்பட்டது. மும்முனை இணைப்பு பின்னே கவிழ்வதைத் தடுக்கும். சரிவில் பக்கவாட்டில் புரள்வதைத் தடுக்காது."

"குறைகள் இருந்தும் ஏன் இதனை விரும்புகின்றனர் தெரியுமா?" என்றார் நடுவயதினர். "பழுது நேர்ந்தால் உழவரே மூடியைத் திறந்து, கண்ணால் கண்டு, கையால் சரிசெய்யலாம். புதிய டிராக்டர்கள் சிலவற்றில் கணினி ஒப்புதல் தந்தாலன்றி ஒரு சிறு பகுதியையும் மாற்ற இயலாது. அறுவடை காத்திருக்குமா? இதனால் எழுந்த மனக்குறை பெருகி, அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-இல் உழவர்க்குப் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாகவே அளித்தது."

முதியவர் இளைஞரின் தோளில் கை வைத்தார். "தம்பி, டிராக்டரை விற்கவேண்டா. சமவெளியில் அதனை ஓட்டு. முதலில் தகுந்த காப்புச் சட்டம் பொருத்து. சட்டம் பொருத்திய பின்னரே இருக்கை வாரைக் கட்டிக்கொள். பளுவை இழுக்கும்போது கீழே உள்ள இழுசட்டத்தில் மட்டுமே பிணை. மேல் தண்டு பொருந்தும் இடத்தில் பிணைத்தால் ஃபெர்குசனும் ஃபோர்ட்சனைப் போலவே கவிழும். சரிவு நிலத்தை உழாதே, புல்லுக்கு விட்டுவிடு. இந்த டிராக்டரின் நற்பண்பைச் சொல்லி உன்னை ஏற்றுபவரை நம்பாதே, குறையையும் உடன் சொல்பவரை நம்பு" என்றார். இளைஞரின் முகம் தெளிந்தது.

இவ்வுரையாடல் நெடுந்தொலைவில் உள்ள ஒரு நாட்டைப் பற்றியது என எண்ணிவிடலாகாது. ஃபெர்குசன் நிறுவனம் 1953-இல் மாசி-ஹாரிசு நிறுவனத்தோடு இணைந்தது. அதிலிருந்து தோன்றிய மாசி ஃபெர்குசனின் கூட்டுறவோடு, 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பெற்றது. நம் ஊர்க் கழனிகளில் இன்று ஓடும் டிராக்டரின் பின்புறத்தைப் பாருங்கள். அந்த மூன்று தண்டுகளும் அங்கே இருக்கும். நம் சேற்று வயலில் கேஜ் வீல் ஆழப் புதைந்து சக்கரம் சுழலாதபோது, எஞ்சினை மேலும் முடுக்கினால் முன்புறம் எழும்பும் என்பதையும் மறவாதீர்கள். நாடும் மண்ணும் மாறினாலும் எந்திரத்தின் இயல்பு மாறுவதில்லை.

பழமையானது என்பதாலே ஒன்றைப் போற்றுதலும் தவறு, தூற்றுதலும் தவறு. அதன் வலிமை எது, வரம்பு எது என்று அறிந்து ஆள்பவர்க்கே அது தொண்டு செய்யும். வேலியோரம் நின்ற அந்த உழவர்கள் வாதிட்டது வெற்றிக்காக அன்று. ஓர் இளைஞன் மாலையில் நலமாக வீடு திரும்புவதற்காகவே. நம் வாதங்களும் அத்தகைய பயனை நாடுவனவாக அமைதல் வேண்டும்.