தூரநோக்குத் துணைவில்லை

நெட்டுக்குப்பத்தருகே கொசத்தலையாறு கடலொடு கலக்கும் முகத்தில் நின்று நோக்குவார்க்குத் தொலைவிலுள்ள கூழைக்கடாக்கள் வெண்புள்ளிகளாகவே தோன்றும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இக்கழியிற் பரவியகாலை, அப்பறவைகளின் இறகிற் கறை படிந்தது. அதனைப் படம்பிடித்துச் சான்றாக்க வேண்டின் அணுகல் தகாது. நலிந்த பறவை வெருண்டு மேலும் நலியும். இத்தகைய பணிக்கே காம்கார்டரின் முகப்பில் திருகிப் பூட்டும் டெலி கன்வெர்ட்டர் பயன்படும்.

இஃது அமைப்பிற் கலிலியோவின் தொலைநோக்கியை ஒத்தது: முன்னே குவிவில்லை, பின்னே குழிவில்லை. 1.7 மடங்குடையதைப் பூட்டின், 170 மீட்டர்க்கு அப்பாலுள்ள பறவை 100 மீட்டரில் உள்ளதுபோற் பெரிதாய்த் தோன்றும். கைந்நடுக்கமும் அவ்வளவே பெருகுமாதலின் முக்காலி இன்றியமையாதது.

வாங்குமுன், காமிரா வில்லையின் விளிம்பிலுள்ள மரையளவு 37 மில்லிமீட்டரோ 58 மில்லிமீட்டரோ என நோக்குக. வேறுபடின் இடைவளையம் உதவும். ஆயினும் சிறுவாய்த் துணைவில்லையைப் பெருவாய்க் கருவியிற் பூட்டின் படத்தின் மூலைகள் இருளும். அகலக் காட்சியில் மூலை இருளுதல் பெரும்பாலும் இயல்பே. ஆதலின் ஜூமை முற்றும் நீட்டிய நிலையிற் சோதித்துத் தெரிக.

மடங்கு மிகுந்ததே மேலென்பது விற்போர் கூற்று. மலிவான 3 மடங்கு வில்லையில் விளிம்புகள் நிறம் பிரிந்து மங்குமாயின், கறை எது, நிழல் எது என எங்ஙனம் பிரித்தறிவது? தெளிந்த 1.7 மடங்கே எமது தேர்வு. நண்பகல் மணல்வெளியின் வெப்பலையை எவ்வில்லையும் நீக்காது; வைகறை கழிந்தவுடன் செல்க. மீண்டபின் வில்லையைத் துணியால் துடைக்குமுன் மணற்றுகளை ஊதி அகற்றுக.