அரை மில்லிமீட்டருக்குக் கிடைத்த பரிசு

அன்புள்ள மகளுக்கு,

சிறந்த தொழிற்பழகுநர் என்று உன்னை மேடையேற்றிச் சான்றிதழ் கொடுத்த செய்தி கிடைத்தது. நான் ஓய்வுபெற்று வருடங்கள் ஆகிவிட்டாலும் ரயில் பட்டறைச் செய்தி வீடு தேடி வந்துவிடுகிறது. மனசு நிறைந்துபோனது. உன் பெயரை இங்கே எழுதவில்லை. உன்னைப் போல ஸ்பேனர் பிடித்து நிற்கிற எல்லாப் பிள்ளைகளும் இதைத் தமக்கு வந்த கடிதமாகப் படிக்கட்டும்.

எதற்காகப் பரிசு என்று விசாரித்தேன். லேத்தில் கடைந்து இறக்கிய ஒரு ஜோடிச் சக்கரம். பெரியவர்கள் இரண்டு பேர் அளந்து சரி என்று எழுதிவிட்டார்கள். நீ காட்டன் வேஸ்ட்டால் கேஜையும் சக்கரத்தையும் துடைத்து மூன்று இடத்தில் மறுபடி அளந்தாய். "அண்ணே, 0.8 வித்தியாசம் வருது, நான் தப்பா வைக்கிறேனா பாருங்க" என்று கேட்டாயாம். ஒரே ஆக்சிலில் உள்ள இரண்டு சக்கரங்களின் விட்டமும் கடைந்தபின் 0.5 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது. சக்கரம் லேத்துக்கே திரும்பிப் போனது.

அரை மில்லிமீட்டர் என்பது கட்டைவிரல் நகத்தின் கனம். அதற்கா இவ்வளவு என்று வெளியாட்கள் கேட்பார்கள். ரயில் சக்கரத்தின் ஓடுபரப்பு தட்டையானது அல்ல, 20க்கு 1 என்ற சரிவில் கூம்பாகக் கடையப்பட்டது. வளைவில் ஆக்சில் வெளிப்பக்கம் நகரும்போது வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் உள்சக்கரம் சிறிய வட்டத்திலும் உருள்வதால் வண்டி தானே திரும்பிக்கொள்கிறது. இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுகியவை, தனித்தனியாகச் சுற்ற முடியாது. ஒன்று சிறுத்துவிட்டால் நேர்ப்பாதையில்கூட ஆக்சில் அந்தச் சிறிய சக்கரத்தின் பக்கமே ஒதுங்கி ஓடும். அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் விளிம்பான ஃபிளாஞ்ச் தண்டவாளத்தில் உரசி உரசித் தேயும். மேலே பெர்த்தில் குழந்தையை அணைத்துக்கொண்டு தூங்குகிற தாய்க்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்தால் போதும்.

ஆனால் மகளே, உன்னிடம் எனக்கு மிகவும் பிடித்தது அந்த அளவு அல்ல. "நான் தப்பா வைக்கிறேனா" என்று கேட்டாயே, அதுதான். அந்தக் கேள்வியை இந்தப் பரிசு உன்னிடமிருந்து பறித்துவிடக் கூடாதே என்றுதான் பயப்படுகிறேன்.

நானும் பயிற்சிக் காலத்தில் பரிசு வாங்கியவன். அடுத்த மாதமே பேரிங் ஏற்றும் வேலையில் நிறுத்தினார்கள். பேரிங்கைச் சூடாக்கினால் விரியும், ஆக்சிலில் வழுக்கிக்கொண்டு ஏறும், ஆறியதும் கவ்விக்கொள்ளும். அந்த அளவுக்குத் தெரியும். அதற்குமேல் கேட்க வாய் வரவில்லை. பரிசு வாங்கிய பையன் இதைக்கூடக் கேட்கிறானே என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். ஏற்றிவிட்டு நகர்ந்துவிட்டேன். மறுநாள் மிஸ்திரி ஃபீலர் கேஜோடு வந்து குனிந்தார். பேரிங்குக்கும் ஆக்சில் தோளுக்கும் நடுவே அதன் மெல்லிய தகடு சரக்கென்று உள்ளே போனது. ஆறும்போது பேரிங் அகலத்திலும் சுருங்கும், அதனால் ஆறும்வரை தோளோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கேள்வி கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார். நல்ல பேரிங் ஒன்றை இழுத்தெடுத்து ஒதுக்க வேண்டியதாயிற்று. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மௌனம் இன்னும் எனக்கு வலிக்கிறது.

கேட்பதில் வெட்கமே இல்லை. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோது பெட்டியின் வடிவமைப்பு சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்துடையது. பெட்டி கட்டும் வேலையை நம் ஆட்கள் அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றார்கள். பின்னாளில் வந்தே பாரத் என்று பெயர் பெற்ற, தனி எஞ்சின் இல்லாத ரயிலை 2018இல் செய்து வெளியே விட்டது அதே தொழிற்சாலைதான்.

பரிசு கொடுத்த அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கெட்டிக்காரப் பிள்ளை என்று தெரிந்ததும் ஆபீசுக்கு இழுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைப்பதையும், பார்வையாளர் வந்தால் சுற்றிக்காட்ட அனுப்புவதையும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அவளைச் சக்கரத்தின் பக்கத்திலேயே விடுங்கள்.

மகளே, உனக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரயில்வேயின் தொடக்கநிலைப் பணிகளில் பயிற்சி முடித்தவர்களுக்கென்று 20 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்கும் தேர்வு எழுத வேண்டும். சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டு, உன் அம்மா அப்பா பார்த்துச் சந்தோஷப்படட்டும். ராத்திரி ஒரு மணி நேரமாவது புத்தகத்தை எடுத்து உட்கார்.

இந்தக் கடிதத்தோடு என் ஃபீலர் கேஜை அனுப்புகிறேன். மிஸ்திரி தாம் ஓய்வுபெறும்போது எனக்குக் கொடுத்தது. எண்ணெய் பூசித்தான் வைத்திருக்கிறேன். மிக மெல்லிய தகட்டின் நுனி மட்டும் வளைந்திருக்கிறது, அதை வைத்து அளக்காதே. மற்றவற்றை ஒருமுறை சரிபார்த்துவிட்டு எடுத்துக்கொள்.

அன்புடன்,
ஒரு பழைய ஃபிட்டர்