கல்லூரி விளையாட்டு கான்பரன்ஸ்களும் சமூக வலைத்தளங்களும்

அமெரிக்கக் கல்லூரி புட்பால் ஆட்டம் ஒன்று முடிய மூன்று மணி நேரத்திற்கு மேல் ஆகும். அதை ஒளிபரப்பும் உரிமையை டிவி நிறுவனங்கள் பெரும் தொகை கொடுத்து வாங்குகின்றன. ஆனால் அந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த முப்பது விநாடிகள், பேஸ்புக்கிலும் யு ட்யூபிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. விலை உயர்ந்த சரக்கை ஏன் சும்மா கொடுக்கிறார்கள்? விடை தெரிந்தால், நீங்கள் தினமும் பார்க்கும் எந்த நிறுவனத்தின் சமூக வலைத்தளப் பக்கமும் உங்களுக்குப் புரிந்துவிடும். அதனால்தான் இதையே பாடமாக எடுத்துக் கொண்டேன்.

கான்பரன்ஸ் என்றால் என்ன?

இங்கே கான்பரன்ஸ் என்பது மாநாடு அல்ல. ஒன்றோடொன்று மோதுவதற்காகப் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக் கொண்ட கூட்டமைப்பு. பிக் டென் கான்பரன்ஸ் 1896ல் தோன்றியது. பெயரில் பத்து இருந்தாலும், 2024ல் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 18 ஆனது. எஸ்.இ.சி. எனப்படும் சவுத்ஈஸ்டர்ன் கான்பரன்ஸ் 1932ல் தொடங்கியது. 2024ல் டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் சேர்ந்ததும் அதில் 16 உறுப்பினர்கள் ஆயினர். ஆட்ட அட்டவணை போடுவது, நடுவர்களை அனுப்புவது, டிவி உரிமையை விற்றுப் பணத்தைப் பங்கிடுவது எல்லாம் கான்பரன்ஸின் வேலை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரசிகர் நேசிப்பது தன் பல்கலைக்கழகத்தை, கான்பரன்ஸை அல்ல. அலபாமா ரசிகரும் ஆபர்ன் ரசிகரும் பரம எதிரிகள். இருவரையும் ஒரே பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். கான்பரன்ஸின் சமூக வலைத்தளப் பிரிவு செய்யும் எல்லா வேலைக்கும் இதுவே அடிப்படை.

முதலில் போட்ட பூட்டு

2008ல் எஸ்.இ.சி., ஈ.எஸ்.பி.என். நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கு 225 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டு, 2009 ஆகஸ்டில், ஒரு விதி கொண்டு வந்தது. டிக்கெட் வாங்கி உள்ளே வருபவர் ஆட்டத்தைப் பற்றிய படம், வீடியோ, வர்ணனை எதையும் வெளியே பரப்பக் கூடாது. அப்படியென்றால் "நாம் ஜெயித்துவிட்டோம்" என்று ட்விட்டரில் எழுதுவதும் குற்றமா? ரசிகர்கள் கொதித்தனர். சில நாட்களில் விதி தளர்த்தப்பட்டது. சொந்த உபயோகத்திற்கான படங்களும் செய்திகளும் அனுமதிக்கப்பட்டன. ஆட்டத்தை வீடியோ எடுப்பதற்குத் தடை நீடித்தது.

2011 நவம்பரில் அதே எஸ்.இ.சி.யின் உறுப்பினரான மிசிசிப்பி ஸ்டேட், மைதானத்தின் எண்ட் ஜோன் பகுதியில் 'ஹெயில் ஸ்டேட்' என்ற ஹேஷ்டேக்கைப் பெரிதாக வரைந்து வைத்தது. எழுதாதே என்றவர்களின் மைதானமே, இதைப் போட்டு எழுது என்று சொன்னது. இரண்டே ஆண்டில் இந்த மாற்றம்! ரசிகர் எழுதும் ஒவ்வொரு வரியும் செலவில்லாத விளம்பரம் என்பதைப் புரிந்து கொண்டார்கள்.

இப்போது என்ன செய்கிறார்கள்?

1. சிறு வீடியோ: முப்பது விநாடி வீடியோ ஒரு ருசி. முழுச் சாப்பாடு டிவியில். பிக் டென் நெட்வொர்க் 2007லும், எஸ்.இ.சி. நெட்வொர்க் 2014லும் தொடங்கின. இலவச வீடியோ உங்களை அங்கே அழைத்துச் செல்லும் வழிகாட்டி. பலர் ஒலியை நிறுத்தி வைத்துப் பார்ப்பதால், வீடியோவின் மேலேயே எழுத்துகளையும் போடுகிறார்கள்.

2. வாக்கெடுப்பு: "இந்த வாரம் எந்த அணி ஜெயிக்கும்?" என்று கேட்டால் போதும். எதிரிகள் இருவரும் ஓடி வந்து சண்டை போடுவார்கள். பதில்கள் கூடக் கூட, அந்தப் பதிவை சமூக வலைத்தளத்தின் புரோகிராம் மேலும் பலருக்குக் காட்டும்.

3. பொதுப் பெருமை: "மற்ற கான்பரன்ஸ்களைவிட நாம் உயர்ந்தவர்கள்" என்ற எண்ணத்தை வளர்ப்பது. எஸ்.இ.சி. 2016ல் இதற்கென்றே ஒரு விளம்பர வாசகம் வெளியிட்டது.

4. வீரர்கள்: 2021 ஜூலை 1 முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் பயன்படுத்திச் சம்பாதிக்கலாம். அதனால் வீரரின் சொந்தப் பக்கமும் ரசிகரை இழுக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்

அதிகாரபூர்வப் பக்கம்: தேடிக் கிடைக்கும் முதல் பக்கத்தை நம்ப வேண்டாம். பிரவுசரில் கான்பரன்ஸின் சொந்தத் தளத்தைத் திறந்திடுங்கள். பிக் டென் என்றால் பிக்டென் டாட் ஆர்க். அங்குள்ள சமூக வலைத்தள ஐகான்களில் கிளிக் செய்து செல்லுங்கள். நீல நிற டிக் மட்டும் போதாது. ட்விட்டரில் (2023 முதல் எக்ஸ்) பணம் கட்டியும் அதைப் பெறலாம்.

மணி ஐகான்: யு ட்யூபில் சப்ஸ்கிரைப் செய்தபின் மணிப் படத்தில் கிளிக் செய்தால் தேர்வுகள் விரியும். ஆல் என்றால் எல்லா அறிவிப்பும் வரும். நன் என்றால் எதுவும் வராது. தேவைப்படும்போது நீங்களே போய்ப் பார்ப்பது நல்லது.

லிங்க்கைப் படியுங்கள்: சாப்ட்வேர் எழுதுபவன் என்பதால் நான் முதலில் பார்ப்பது முகவரியைத்தான். பதிவில் உள்ள லிங்க்கைக் கிளிக் செய்தபின் அட்ரஸ் பாரைப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பின் யு, டி, எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் பேஸ்புக்கிலிருந்து வந்தீர்களா, இமெயிலிலிருந்து வந்தீர்களா என்று தளத்திற்குச் சொல்லும் குறிப்புகள் அவை. அந்தப் பகுதியை மட்டும் நீக்கி எண்டர் தட்டுங்கள். அதே பக்கம்தான் வரும். நண்பருக்கு அனுப்பும்போது இப்படிச் சுத்தம் செய்து அனுப்பலாம்.

ஒரு எச்சரிக்கை

மே 2018ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால், விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்க மாநிலங்களுக்கு வழி திறந்தது. பணம் தோற்றவர்கள் வீரரின் பக்கத்திற்கே சென்று வசை எழுதுவது இன்று பெரிய தொல்லை. ரசிகர் நேராக வீரரிடம் பேச முடிவதன் மறுபக்கம் இது. அந்த வீரர் திங்கட்கிழமை வகுப்பிற்குப் போக வேண்டிய மாணவர். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால், பதில் எழுதிச் சண்டையை வளர்க்க வேண்டாம். பதில் எழுதினால் அது இன்னும் பலருக்குப் போகும். அதன் அருகில் உள்ள மெனுவைத் திறந்து ரிப்போர்ட் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். சில விநாடி வேலைதான்.