எந்த ஆராய்ச்சியில் சேருவது?

விஞ்ஞானத்தில் பட்டம் பெற்று, மேற்கொண்டு ஆராய்ச்சியில் புக வேண்டும் என்ற ஆவலோடு நிற்கும் இளைஞர்களும் அவர்களைப் பெற்றவர்களும், வைத்தியம், விவசாயம், விண்வெளி ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கும்போது, பெரும்பாலும் சம்பளம் எவ்வளவு, பெயர் எங்கே கிடைக்கும் என்ற இரண்டு அளவுகோல்களைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். அவை அலட்சியம் செய்யத் தக்கவை அல்ல. குடும்பப் பொறுப்பு உள்ளவருக்குச் சம்பளம் முக்கியந்தான். ஆனால் முப்பது வருஷ காலம் ஒரு துறையில் உழைக்கப் போகிறவர் அவற்றுக்கு முன்பாகத் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறொன்று உண்டென்பது என் அபிப்பிராயம்: நான் செய்யும் பிழை யார் தலையில் விழும், அதைத் திருத்திக்கொள்ள எனக்கு எத்தனை காலம் கிடைக்கும்? பிழை நேராத ஆராய்ச்சி உலகில் இல்லை. ஆயினும் அதன் சுபாவம் துறைக்குத் துறை வேறுபடுகிறது. எந்த விதமான பிழையைத் தாங்கும் மனம் தமக்கு வாய்த்திருக்கிறது என்று கண்டுகொண்டவருக்குத் தேர்வு பாதி முடிந்துவிடும்.

விவசாயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் அங்கேதான் காலம் மனிதனுடைய அவசரத்துக்குச் சிறிதும் இணங்குவதில்லை. நெல்லில் புது ரகம் காண விரும்புகிறவர், தாய்ச் செடியின் கதிரில் பூக்கள் மலர்வதற்கு முன்பே ஒவ்வொரு பூவின் நுனியையும் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் அப்புறப்படுத்தி, கதிரைக் காகித உறையால் மூடி வைத்து, தந்தைச் செடி முற்பகலில் பூத்து நிற்கும் சொற்ப நேரத்துக்குள் அதன் மகரந்தத்தை இதன்மேல் உதிர்க்க வேண்டும். இவ்வளவு நுட்பமாகச் செய்த கலப்பின் பலன் அடுத்த போகத்தில்தான் தெரியவரும். அப்போதும் முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒன்று போலவே இருக்க, இரண்டாம் தலைமுறையில்தான் குணங்கள் பிரிந்து பல விதமாகத் தோன்றும். அவற்றுள் நல்லவற்றைப் பொறுக்கி, ஆறேழு தலைமுறை விதைத்துக் குணம் நிலைபெறச் செய்து, பல ஊர் மண்ணிலும் பரீட்சித்துப் பார்த்து, ரகமென்று பெயரிட்டு வெளியிடுவதற்குப் பத்து வருஷம் ஆவது சகஜம்.

அந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் பலன் எத்தகையது என்பதற்குக் கோயம்புத்தூர்க் கரும்பு ஒன்றே போதும். 1912ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் விஞ்ஞானிகளான பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும், சாறு மிகுந்த 'வெள்ளை' என்ற கரும்பையும், ஆற்றங்கரையில் யாரும் சீந்தாமல் வளரும் நாணலையும் கலந்து உண்டாக்கிய கோ 205 என்ற ரகம் 1918இல் வெளிவந்து, தடித்த கரும்புகள் தாக்குப்பிடிக்க முடியாத பஞ்சாப் வயல்களில் செழித்து நின்றது. இனிப்பு ஒரு பக்கத்திலிருந்தும் உறுதி மறு பக்கத்திலிருந்தும் வந்தன. பிற்காலத்தில் தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாள் அதே நிலையத்தில் அமர்ந்துதான் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். இத்துறையில் ஒரு கலப்பு பொய்த்தால் ஒரு போகம் நஷ்டம். செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி விதைக்கலாம். ஆனால் வெளியிட்ட ரகம் பொய்த்தாலோ, இரண்டு ஏக்கரே சொத்தாக உடைய குடியானவரின் ஒரு வருஷத்து ஜீவனமே போய்விடும். அத்துடன், ஆடுதுறை, அம்பாசமுத்திரம், பரமக்குடி போன்ற ஊர்களில் உள்ள நிலையங்களில் பல வருஷம் வாசம் செய்ய மனமுள்ளவரே இதில் நிலைக்க முடியும். கெட்டிக்கார மாணவர்கள் பலர் இத்துறையை மூன்றாவது இடத்தில் வைத்துப் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் உண்டாகிறது. மற்ற இரண்டிலும் மனம் ஒரு திடமான முடிவுக்கு வராதவரை இதையே எடுத்துக்கொள்ளும்படி நான் வற்புறுத்துவேன்.

வைத்திய ஆராய்ச்சியில் பிழை நேரே மனித சரீரத்தின் மேல் விழுகிறது. ஆகையால் அங்கே சாமர்த்தியத்தைக் காட்டிலும் முறைமையே முதலிடம் பெறுகிறது. இதற்கு 1956ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சியைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது. க்ஷயம் கண்டவரை வீட்டிலிருந்து பிரித்து, ஸானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல ஆகாரமும் ஓய்வும் கொடுத்தால்தான் அவர் பிழைப்பார் என்பது அக்காலத்து வைத்தியர்களின் நம்பிக்கை. நோயாளிகளின் தொகைக்கோ படுக்கைகள் மிகச் சொற்பம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடி, வாலஸ் ஃபாக்ஸ் என்ற வைத்தியரை முன்னிறுத்தி, நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியது போன்ற முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஸானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலுமாக, ஒரு வருஷ காலம் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று அறிய, முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959இல் வெளியான முடிவு, நெருக்கமான குடிசையில், அரைவயிற்று உணவோடு இருந்தவர்களும் ஸானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒப்பாகவே குணமடைந்தார்கள் என்று காட்டிற்று; அவர்களோடு வசித்த உறவினருக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவில்லை என்பதும் தெரியவந்தது; படுக்கைக்குக் காத்திருந்தே உயிர்விட வேண்டிய நிலை அத்துடன் மாறத் தொடங்கியது.

இதில் சேர நினைப்பவர் அந்தச் சீட்டுக் குலுக்கலைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். மிகவும் மெலிந்திருந்தவரைப் பார்த்து இரக்கப்பட்டு வைத்தியர் தாமே ஸானடோரியத்துக்கு அனுப்பியிருந்தால், இரு பிரிவுகளும் சமமாக இருந்திரா. அந்த இரக்கமே விடையைக் கெடுத்திருக்கும். எதிரே இருப்பவரிடம் முழுக் கருணையோடு நடந்துகொண்டும், அவர் எந்தப் பிரிவில் விழ வேண்டும் என்பதில் தன் விருப்பத்தை நுழைக்காமலும் இருக்கும் மனக் கட்டுப்பாடு எல்லோருக்கும் எளிதில் கைவருவதில்லை. நோயாளிக்கு விளங்கும் பாஷையில் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் பெறுவதும், அவர் வேண்டாமென்றால் மறுபேச்சின்றி விட்டுவிடுவதும் இத்துறையின் தினசரிக் கடமைகள். புள்ளிவிவர இயலில் பிரியமில்லாதவருக்கு இது ஏற்றதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விண்வெளித் துறையில் பிழை தேசமே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கணத்தில் நேர்கிறது; புறப்பட்டுவிட்ட ராக்கெட்டைத் திரும்ப அழைத்துச் செப்பனிட வழியில்லை. 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும்பிய எஸ்.எல்.வி.-3, இரண்டாம் கட்டத்தைத் திசை திருப்பும் அமைப்பில் அமிலம் கசிந்ததனால் சில நிமிஷங்களில் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த வருஷம் ஜூலை 18ஆம் தேதி அதே ரகத்து ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணி என்ற செயற்கைக் கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 2019இல் சந்திரயான்-2இன் இறங்கு கலம் நிலவில் மோதி அழிந்த பிறகு, அடுத்த கலத்தின் கால்களை வலுவாக்கி, எரிபொருளைக் கூட்டி, அரைக் கிலோமீட்டர்ச் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரித்து, 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி இறக்கினார்கள். நிலவின் மண்ணைப் போன்ற மண்ணைப் பரிசோதனைக்காகத் தயாரிக்க, நாமக்கல் ஜில்லாவின் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறையை அரைத்துப் பயன்படுத்தினார்கள் என்பது நம் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி. இங்கே ஒருவர் சில வருஷங்களை ஒரே ஒரு வால்விலோ, கணினி நிரலின் ஒரு பகுதியிலோ செலவிடக்கூடும். ஆயிரக்கணக்கானவரின் வேலையோடு தம் வேலையும் கலந்து மறைவதில் திருப்தி காணும் குணம் இதற்கு அவசியம்.

நுழையும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். விவசாயத்துக்கு வேளாண்மைப் பட்டமும், முதுநிலைக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வும், பின்னர் விஞ்ஞானிகளைப் பொறுக்கியெடுக்கும் வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வும் உண்டு. வைத்திய ஆராய்ச்சிக்கு வைத்தியப் பட்டம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. உயிரியல், ரசாயனம், புள்ளிவிவர இயல் படித்தவர்களும் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றுச் சேரலாம். விண்வெளிக்குத் திருவனந்தபுரத்திலுள்ள விண்வெளிக் கல்லூரியில் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் வழியாகவோ, பொறியியல் முடித்தபின் இஸ்ரோவின் தேர்வின் வழியாகவோ போகலாம்.

மூன்றுக்கும் நடுவே உள்ள வேலிகள் நாம் நினைப்பதுபோல உயரமானவை அல்ல. 1970ஐ ஒட்டிய காலத்தில் பிஷாரடி என்ற பௌதிக விஞ்ஞானி, கேரளத்துத் தென்னந்தோப்புகளின் மேல் ஹெலிகாப்டரில் பறந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பதியும் பிலிமில் படமெடுத்து, வாடல் நோய் பற்றிய மரங்களைப் பிரித்தறிந்தார். ஆரோக்கியமான இலை அந்த ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதும், நோயுற்ற இலை அவ்விதம் செய்யாததும் அதன் காரணம். தென்னையில் தொடங்கிய அந்தக் கலையே 1988இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்ற செயற்கைக் கோளாகப் பூமியைச் சுற்றத் தொடங்கியது. ஆகவே தென்னையின்மேல் பாசமும் பௌதிகத்தில் ருசியும் ஒருங்கே உள்ளவர் இரண்டில் ஒன்றைத் துறக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை.

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அனுமதி பெற்று, ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு முற்பகலும், ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் நோயாளிகளிடம் சம்மதம் கேட்கும் இடத்தில் ஒரு நாளும், ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கென்று உள்ள இடத்திலிருந்து ஒரு ராக்கெட் புறப்படுவதையும் பார்த்துவிட்டு வாருங்கள். நெல் வயலுக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் பூக்கள் மூடிக்கொண்டுவிடும்.