சிசிலியத் தற்காப்பும் ஓர் இளைஞனின் ஆட்டமும்

சதுரங்கம் பயிலும் மாணாக்கர் பெரிதும் விரும்பும் சொல் "செக்" என்பதாகும். எதிரியின் அரசனைத் தாக்க வாய்ப்புக் கிட்டும்போதெல்லாம் தாக்கிவிடுதலே வெற்றிக்கு வழியென அவர் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையென்பதை, 2015ஆம் ஆண்டு யூலை மாதத்திற் சீனநாட்டு ஹைனான் தீவிலுள்ள டான்சோ நகரில் நிகழ்ந்த ஓர் ஆட்டம் தெளிவுறுத்துகின்றது. வெள்ளைக் காய்களை ஆடியவர் 16 வயதினரான வெய் யி. கறுப்பை ஆடியவர் 2000ஆம் ஆண்டில் உலக இளையோர் வாகை சூடிய கியூபா நாட்டவர் லாசரோ புரூசோன்.

வெய் யி அரசனுக்கு முன்னுள்ள காலாளை இரு கட்டம் நகர்த்தினார். புரூசோன் அரசியின் பக்கத்து மந்திரிக்கு முன்னுள்ள காலாளை இரு கட்டம் நகர்த்தினார். இதுவே சிசிலியத் தற்காப்பு. நடுவிடத்தை நேர்நின்று பற்றாது பக்கத்திலிருந்து தாக்குதல் இதன் இயல்பு. அக்காலாள் வெள்ளையின் நடுக்காலாளொன்றுடன் மாறுண்டபின், நடுவிலே கறுப்புக்கு இரு காலாட்களும் வெள்ளைக்கு ஒன்றுமே எஞ்சும். அதற்கு ஈடாக வெள்ளை விரைந்து படைதிரட்டிக் கறுப்பரசன்மேற் பாய முயலும்.

வெய் யி உடனே பாய்ந்தாரல்லர். 15ஆம் நகர்வுக்குள் தம் காய்கள் அனைத்தையும் களத்தில் இறக்கினார். 22ஆம் நகர்விலேதான் கோட்டையைப் பலியிட்டுக் கறுப்பரசனருகே நின்ற காலாளை வெட்டினார். அரசன் அக்கோட்டையை வெட்டி வெளிவந்தான். 25ஆம் நகர்வில் மந்திரியொன்றையும் ஈந்தார். அதனையும் வெட்டிய அரசன் பலகையின் நடுவே தனித்து நின்றான்.

ஈண்டு நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இரு பெருங்காய்களை இழந்தவர், தாக்குதல் தளரின் தோற்பது உறுதி. எனினும் 26ஆம் நகர்வில் அவர் "செக்" சொல்லவில்லை. தம் கோட்டை வெட்டுண்ட அதே கட்டத்தில் அரசியை அமைதியாக நிறுத்தினார். கறுப்பரசன் பின்வாங்கும் வழி அடைபட்டது. 29ஆம், 31ஆம் நகர்வுகளும் இத்தகையனவே. 36ஆம் நகர்வும் "செக்" அன்று. அதனைக் கண்டதும் புரூசோன் தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்பொழுது அவரது அரசன் வெள்ளையின் மூன்றாம் வரிசையில் நின்றான்.

இதனால் நாம் அறியற்பாலன இரண்டு. படை முழுதும் ஆயத்தமாகுமுன் செய்யும் பலி வீணாகும். அரசனைத் துரத்துதலினும் அவன் ஓடும் வழியை அடைத்தலே வலிது. மாணாக்கர் இவ்வாட்டத்தைப் பலகையில் ஒருமுறை ஆடிப் பார்ப்பாராக. அடுத்தமுறை "செக்" என வாய் திறக்குமுன், "அரசன் எங்கே போவான்?" எனத் தம்மைத் தாமே வினவுவாராக.