கவுன்சில் வீடு வாங்கப் பெறாமகன் காசு தரலாமா?

கேள்வி: கிராலியில் 14 வருடமாகக் கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். கணவர் இல்லை. வேலை செய்யும் 23 வயது மகள் என்னோடுதான் இருக்கிறாள். லண்டனில் இருக்கும் பெறாமகன், "முழுக் காசையும் நான் போடுறன் சித்தி, வீட்டை வாங்குங்கோ. ஐஞ்சு வருசம் கழிய என்ர பேருக்கு எழுதித் தாங்கோ, நீங்கள் அங்கேயே இருக்கலாம்" என்கிறான். அப்படி ஒரு கடிதமும் அனுப்பியிருக்கிறான். கையெழுத்து வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள், அம்மா. வாயாலும் சம்மதம் சொல்லாதீர்கள்.

கவுன்சில் வீட்டைக் கழிவு விலையில் வாங்கி ஐந்து வருடத்துக்குள் விற்றால் கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த ஐந்து வருடத்தைக் கடத்திவிட்டு மாற்றலாம் என்பதுதான் உங்கள் பெறாமகனின் கணக்கு. 1985 வீடமைப்புச் சட்டத்தின் 163ஏ பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது. வாங்குவதை முன்னிட்டு, பிறகு மாற்றித் தருவதாகச் செய்யும் எந்த ஏற்பாட்டையும் சட்டம் உடனே விற்றதாகவே எடுக்கும். வாடகைக்காரர் கையில் கொஞ்சக் காசைக் கொடுத்துக் கம்பெனிகள் வீடுகளை வளைத்துப்போட்டதால்தான் 2004-இல் இந்தப் பிரிவு வந்தது. கேட்பவர் சொந்தம் என்பதால் மட்டும் விலக்குக் கிடையாது. 12 மாதம் உங்களோடு குடியிருந்த குடும்பத்தவருக்கு மாற்றினால் விலக்கு உண்டு.

உங்களது 320,000 பவுண் பெறும் தனிவீடு என்று வைப்போம். 14 வருடத்துக்கு 44 வீதக் கழிவு என்று சட்டம் சொன்னாலும், 2024 நவம்பர் 21 முதல் கிராலியில் உச்சவரம்பு 38,000 பவுண்தான். ஆகவே விலை 282,000. வாங்குமுன்பே கடிதத்தில் கையெழுத்து வைத்திருந்தால், வாங்கிய கையோடு அந்த 38,000-ஐயும் கவுன்சில் கேட்கலாம். கேட்பது உங்களிடம், பெறாமகனிடம் அல்ல.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இன்று கோர்ட் உத்தரவில்லாமல் கவுன்சில்கூட உங்களை எழுப்ப முடியாது. வாங்கிய அன்றே அந்த வாடகைப் பாதுகாப்பு முடிந்துவிடும். பிறகு வீடும் பெறாமகன் பெயருக்குப் போய், அவருக்குக் கடனோ விவாகரத்தோ வந்தால், வாய்வார்த்தையை நம்பி அந்த வீட்டில் உங்களால் இருக்க முடியாது. 1947-இல் புதிய நகரமாக அறிவிக்கப்பட்ட கிராலியில் அன்று பொதுப் பணத்தில் கட்டிய வீடுகளில் பல வாடகைக்காரருக்கு வாங்கும் உரிமை கொடுத்த 1980 சட்டத்துக்குப் பின் விற்றுப்போயின. இன்னொரு கவுன்சில் வீடு இலேசில் கிடைக்காது.

உங்களுக்கு நல்ல வழி மகள்தான். கடந்த 12 மாதமும் உங்களோடு இருந்திருந்தால் விண்ணப்பத்தில் அவளையும் சேர்க்கலாம். இருவர் சம்பளத்தையும் காட்டி மோட்கேஜ் கேளுங்கள். பெறாமகனுக்கு உதவ மனமிருந்தால் அன்பளிப்பாகவோ சாதாரணக் கடனாகவோ தரட்டும். வீட்டை மாற்றித் தருவது பற்றி அதில் ஒரு வரியும் இருக்கக்கூடாது. எதுவானாலும் மோட்கேஜ் கொடுப்பவருக்கு மறைக்காதீர்கள்.

விண்ணப்பத்துக்கான ஆர்டிபி1 படிவத்தை நிரப்பிக் கவுன்சிலிடம் கொடுங்கள். உரிமை உண்டா என்று கவுன்சில் பொதுவாக நாலு கிழமைக்குள் சொல்ல வேண்டும்; தனிவீடானால் அதன்பின் எட்டுக் கிழமைக்குள் விலைக் கடிதம் வரும். மதிப்பு கூடுதலாகத் தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் மாவட்ட மதிப்பீட்டாளரிடம் மறுமதிப்பீடு கேட்கலாம். தகுதிக் காலத்தை மூன்றிலிருந்து பத்து வருடமாக்கி, கழிவையும் 15 வீதத்துக்கு மேல் போகாமல் குறைக்கப்போவதாக அரசு 2025 ஜூலையில் அறிவித்திருக்கிறது. உங்களுக்குப் பத்து வருடம் தாண்டிவிட்டதால் உரிமை போகாது, கழிவுதான் குறையலாம். பெறாமகனின் சொலிசிற்றரிடம் போகாமல், உங்களுக்கென்று தனியாக ஒருவரைப் பிடித்து அந்தக் கடிதத்தை முதலில் அவரிடம் காட்டுங்கள்.