பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம்: மாற்றலாமா, காத்திருக்கலாமா?

இடுக்கி மாவட்டம் சக்குபள்ளத்தில் சிறிய ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் 2016-ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணினி ஒன்று உள்ளது. தொழிலாளர்களின் கூலிக் கணக்கு அதில்தான் எழுதப்படுகிறது. புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ நடந்த மின்னணு ஏலத்தில் காய் என்ன விலைக்குப் போயிற்று, அதற்குரிய பணம் வங்கிக் கணக்கில் வரவாகிவிட்டதா என்பதையும் அதில்தான் பார்க்கிறார்கள். உரக்கடைக்குப் பணம் அனுப்புவதும் மகளின் பள்ளிப் பாடமும் அதில்தான். ஒரு நாள் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றுகிறது: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்துவிட்டது. கணினியோ வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கிறது. “நன்றாக ஓடுவதை எதற்கு மாற்ற வேண்டும்?” என்கிறார் தந்தை. “புதிய கணினியே வாங்கிவிடலாம் அப்பா” என்கிறாள் மகள்.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆயினும், இருவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. கணினிக்கு வயது எத்தனை என்பது இங்கே இரண்டாம் பட்சம். அதில் ஓடும் மென்பொருளின் ஓட்டைகளை அடைப்பதற்கு இன்னும் ஆள் இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. இதற்கு விடை கண்டுவிட்டால், மாற்றுவதா காத்திருப்பதா என்ற முடிவு எளிதாகிவிடும்.

ஆதரவு முடிவது என்றால் என்ன?

இயங்குதளம் என்பது கணினியின் எல்லா உறுப்புகளையும் மென்பொருள்களையும் கட்டி மேய்க்கும் அடிப்படை மென்பொருள். கோடிக்கணக்கான வரிகளால் ஆன அந்த நிரலில் பிழைகள் இருந்தே தீரும். அவற்றுள் சில, திருடர்கள் நுழையக்கூடிய வாசல்கள். ஒரு வாசல் தெரியவந்ததும் தயாரிப்பு நிறுவனம் அதை அடைத்து, ‘அப்டேட்’ என்ற பெயரில் நமக்கு அனுப்புகிறது. ஆதரவு முடிந்தபின் அந்தத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். கணினி நிற்பதில்லை, காவல்தான் நிற்கிறது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு அந்த நாள் 2025 அக்டோபர் 14.

“வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதே” என்று சிலர் ஆறுதல் அடைவதுண்டு. விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டருக்கு 2028 வரை புதிய வைரஸ் அடையாளங்கள் வரும் என்பது உண்மையே. ஆனால் அது அறிந்த திருடனை அடையாளம் காட்டும் காவலாளி மட்டுமே. சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்கும் கொத்தனார் வேலையை அதனால் செய்ய இயலாது.

2017 மே மாதம் தந்த பாடம்

2017 மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்ற பணயத் தீம்பொருள் உலகெங்கும் பரவத் தொடங்கியது. ஓரிரு நாட்களில் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அதன் பிடியில் சிக்கின. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது அது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சை முன்பதிவுகள் ரத்தாயின. கேரளமும் தப்பவில்லை. வயநாட்டின் தரியோடு, பத்தனம்திட்டாவின் அருவாப்புலம் ஆகிய ஊராட்சி அலுவலகங்களின் கணினிகளும், பாலக்காட்டில் தெற்கு ரயில்வே கோட்ட அலுவலகத்தின் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தத் தீம்பொருள் நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதாவது ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே. பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பான்மையானவை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகளே. திருத்தம் வந்தும் அதை நிறுவாமல் விட்டிருந்தார்கள். ஆகவே, ஆதரவில் உள்ள இயங்குதளத்தை வைத்திருந்தால் மட்டும் போதாது. வரும் திருத்தங்களை அவ்வப்போது ஏற்கவும் வேண்டும்.

ஏலம் பயிரிடுவோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கட்டே நோய் கண்ட தூரை வயதுக்காக யாரும் பிடுங்குவதில்லை; அதிலிருந்து அசுவினிப் பூச்சி வழியாக அடுத்த தூருக்கு நோய் பரவும் என்பதால் பிடுங்குகிறார்கள். காவலற்ற கணினியும் அப்படித்தான். அதே வைஃபையில் இணைந்துள்ள மற்றக் கருவிகளுக்கும் அது ஆபத்தைக் கொண்டுவரக்கூடும்.

வங்கிகள் கடந்து வந்த வழி

இதே கேள்வியை வங்கிகளும் எதிர்கொண்டன. நம் நாட்டின் ஏடிஎம் இயந்திரங்கள் பல, ஆதரவு முடிந்த பின்னரும் விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்கிவந்தன. 2018 ஜூன் 21 அன்று இந்திய ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வழியாக வங்கிகளுக்குக் காலக்கெடு விதித்தது. அது வகுத்த வரிசை நமக்கும் ஒரு பாடமாகும்.

முதற்படியாக, தொடக்கக் கடவுச்சொல் இடுதல், யுஎஸ்பி துளைகளை முடக்குதல், இருக்கும் திருத்தங்களை நிறுவுதல் போன்றவற்றை 2018 ஆகஸ்டுக்குள் செய்யச் சொன்னது. அதன் பிறகே இயங்குதள மாற்றம்: செப்டம்பருக்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் அரைப் பங்கு, 2019 மார்ச்சுக்குள் முக்கால் பங்கு, ஜூனுக்குள் முழுவதும். உடனே பூட்டக்கூடிய கதவுகளை உடனே பூட்டுவது, பெரிய மாற்றத்தைத் திட்டமிட்டுப் படிப்படியாகச் செய்வது என்னும் இரண்டு கொள்கைகளும் வீட்டுக் கணினிக்கும் அப்படியே பொருந்தும்.

முடிவெடுக்க மூன்று கேள்விகள்

முதலாவது: கணினியில் நடக்கும் வேலை என்ன? இணைய வங்கி, வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி போன்ற பணம் சார்ந்த வேலைகள் நடக்குமானால், ஆதரவற்ற இயங்குதளத்துக்கு அதில் இடமில்லை. இணைய இணைப்பே இல்லாமல் பழைய கணக்கைப் பார்ப்பதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் மட்டும் பயன்படுகிறது என்றால் அவசரமில்லை.

இரண்டாவது: இப்போதைய இயங்குதளம் எது? ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘சிஸ்டம்’, அதனுள் ‘அபவுட்’ என்ற இடத்தில் பதிப்பின் பெயரும் எண்ணும் இருக்கும்.

மூன்றாவது: புதியதைத் தாங்கும் வலு கணினிக்கு உண்டா? விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் வேண்டும். இவை பெரும்பாலான கணினிகளில் இருக்கும். தடையாக நிற்பவை வேறு இரண்டு: டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, நிறுவனம் ஏற்றுள்ள புராசசர். பொதுவாக இன்டெலில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் ஏற்கப்படும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பிசி ஹெல்த் செக்’ மென்பொருள் இதைச் சில நொடிகளில் சோதித்துச் சொல்லிவிடும். டிபிஎம் பல கணினிகளில் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆகவே ‘இல்லை’ என்ற விடை வந்தால் பழுதுநீக்குபவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு முடிவு செய்வது நலம்.

கணினி மெதுவாக ஓடுகிறது என்பது தனிச் சிக்கல். அதை இயங்குதள மாற்றம் தீர்ப்பதில்லை. பழைய வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்துவதும் நினைவகத்தைக் கூட்டுவதும் அதற்குரிய மருந்துகள்.

நான்கு வழிகள்

1. கணினி ஏற்குமானால் விண்டோஸ் 11-க்கு மாறுதல். முறையான உரிமம் பெற்ற விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு இது கட்டணமில்லாத மேம்படுத்தல். தகுதியற்ற கணினியிலும் குறுக்கு வழியில் ஏற்றித் தருவதாகச் சொல்வோர் உண்டு. அவ்வாறு ஏற்றினால் பின்னர்த் திருத்தங்கள் வரும் என்பதற்கு நிறுவனம் உறுதி தருவதில்லை. கள்ளப் பிரதியோ, அதனினும் கேடு. பூட்டுச் செய்தவனே சாவியை வைத்துக்கொள்வது போன்றது.

2. அவகாசம் வாங்குதல். விண்டோஸ் 10-இன் 22ஹெச்2 பதிப்பு உள்ள தனிப்பட்ட பயனாளர்களுக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டிக்கும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து கணினி அமைப்புகளை அதில் சேமிக்க இசைந்தால் கட்டணமின்றியே சேரலாம். இது திட்டமிடுவதற்கான காலம்; தள்ளிப்போடுவதற்கான சாக்கு அல்ல.

3. லினக்ஸுக்கு மாறுதல். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளங்கள் பழைய கணினிகளிலும் நன்கு ஓடும். 2024 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 24.04 பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் திருத்தம் உண்டு. இது எவருக்கும் புரியாத வித்தை என்று அஞ்ச வேண்டாம். கேரள அரசின் ‘கைட்’ நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளத்தில்தான் அம்மாநிலப் பொதுப்பள்ளி மாணவர்கள் கணினிப் பாடம் படிக்கிறார்கள். தந்தைக்குப் புதிதாகத் தோன்றுவது மகளுக்குப் பள்ளியில் பழகியதாக இருக்கலாம். எதையும் அழிக்காமல், யுஎஸ்பி வழியாக ஓட்டிப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம். உலாவி வழியாக நடக்கும் வங்கி வேலைகளுக்கு இது போதும். ஆனால் டேலி போன்ற கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பழைய பிரின்டர் ஆகியவை உங்களிடம் இருந்தால், அவை வேலை செய்யுமா என்று முதலில் சோதித்தாக வேண்டும்.

4. பணிமாற்றம். மாற்ற வழியே இல்லாத கணினியைப் பண வேலையிலிருந்து விடுவித்துவிடுவது. வங்கி வேலையைத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் கைப்பேசிக்கு மாற்றிக்கொள்ளலாம். கைப்பேசிக்கும் இதே அளவுகோல்தான்: அதன் அமைப்புகளில் கடைசிப் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைப் பாருங்கள். ஓராண்டுக்கும் பழையதானால் அதுவும் ஓய்வுபெறும் நிலையில் உள்ளது என்று பொருள்.

மாற்றுவதற்கு முன்

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் வேலை, கோப்புகளின் நகல் எடுப்பது. கூலிக் கணக்கு, நிலப் பத்திரங்களின் படி, புகைப்படங்கள் எல்லாவற்றையும் வெளி வன்தட்டில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். கழற்றாமல் விட்ட நகலையும் பணயத் தீம்பொருள் பூட்டிவிடும். நகலெடுத்த கோப்புகளில் ஒன்றிரண்டை வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், மலையாள ஆவணங்கள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுத்து வையுங்கள். அவை இல்லாவிட்டால் புதிய கணினியில் அந்த ஆவணங்கள் புரியாத குறிகளாகத் தெரியும். மென்பொருள் உரிம எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இயங்குதளத்தை மாற்றும்போது பல ஜிபி அளவில் தரவிறக்கம் நடக்கும். இடையில் மின்சாரம் போனால் கணினி திறக்காமலே போகலாம். மலைப்பகுதியில் ஐப்பசி மாத இடிமழை நாட்களில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். மழை ஓய்ந்த ஒரு நாளில், யுபிஎஸ் இணைப்புடன், அரைநாள் ஒதுக்கிச் செய்வதே உகந்தது.

மாறும் வரை

மாற்றத்துக்கு நாள் குறித்துவிட்டு, அதுவரை அந்தக் கணினியில் இணைய வங்கிக்குள் நுழையாதீர்கள். உலாவியில் சேமித்த வங்கிக் கடவுச்சொல்லை அழித்துவிடுங்கள். வேறொரு பாதுகாப்பான கருவியிலிருந்து அதை மாற்றுங்கள். “உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்” என்று திரையிலோ தொலைபேசியிலோ வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்லும் எவருக்கும் இடம் தராதீர்கள். இயங்குதளம் மாற்றுவதற்கு ஓடிபி எவருக்கும் தேவைப்படாது.

உங்கள் அனுமதியின்றிப் பணம் போய்விட்டால், அந்த நிமிடமே வங்கிக்குத் தெரிவியுங்கள். 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் அழையுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் பொறுப்பை அவர் எத்தனை வேலை நாட்களுக்குள் புகார் செய்கிறார் என்பதோடு இணைத்தது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும் என்றும் அது வகுத்தது. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நம் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

இனி, சக்குபள்ளத்துக் குடும்பத்தின் முடிவு என்னவாக இருக்கலாம்? 2016-இல் வாங்கிய கணினியை விண்டோஸ் 11 ஏற்காது. ஆகவே முதலில் நகல் எடுக்கிறார்கள். திருத்தம் தொடர்வதற்கு நீட்டிப்புத் திட்டத்தில் சேர்கிறார்கள். அந்த அவகாசத்துக்குள் ஒரு விடுமுறை நாளில் மகள் யுஎஸ்பி வழியாக லினக்ஸை ஓட்டி, பிரின்டரும் வங்கி இணையதளமும் சரியாக இயங்குகின்றனவா என்று தந்தைக்குக் காட்டுகிறாள். இயங்கினால் அதே கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். இயங்காவிட்டால், அடுத்த காய் விற்பனைக்குப் பின் புதியது வாங்கத் தொகை ஒதுக்குகிறார்கள். ஓடுவதை நிறுத்த வேண்டாம் என்ற தந்தையின் சிக்கனமும், காலத்தோடு மாற வேண்டும் என்ற மகளின் எண்ணமும் அங்கே ஒன்றுசேர்கின்றன. ஓராண்டு உழைப்பின் பலன் வந்து சேரும் வாசல் அந்தக் கணினி. அதன் தாழ்ப்பாளைச் சோதிக்க இன்றைக்கு ஐந்து நிமிடம் செலவிடுங்கள்.